ஓடுவதற்கு முன் எந்த பம்ப்?

ஓடினால் எல்லோருக்கும் மூச்சு வாங்கும். ஓட்டம் முடிந்து, மற்ற பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலைத் தேடிப் போன பிறகும் ஒருத்தி மட்டும் முட்டியில் கை ஊன்றி இருமிக்கொண்டே இருந்தால் கவனிக்க வேண்டும். உடற்பயிற்சியால் வரும் வீசிங்கைக் காட்டிக்கொடுப்பது அதன் நேரம்தான். பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்போது வராது. நின்ற பிறகு 5 முதல் 15 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே அடங்கும். வீட்டுக்கு வந்து சேரும்போது பிள்ளை நன்றாக இருப்பதால், "ஓடச் சோம்பேறித்தனம்" என்ற பெயர் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். வேகமாக ஓடும்போது மூக்கு போதாமல் வாயால் மூச்சிழுக்கிறோம். சூடேறாத, ஈரம் சேராத காற்று நேராக மூச்சுக்குழலுக்குள் போய், அதன் உட்பக்கத்து ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. மிச்சமிருக்கும் திரவத்தில் உப்பின் அடர்த்தி ஏறுகிறது. அங்குள்ள மாஸ்ட் செல்கள் இதைத் தாங்காமல் ஹிஸ்டமினையும் லூக்கோட்ரையீனையும் கொட்ட, குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. இடைவிடாமல் 6 முதல் 8 நிமிடம் நீளும் கடும் ஓட்டம்தான் இதை அதிகமாகக் கிளப்பும். 1500 மீட்டர் ஓட்டம், கால்பந்து, ஹாக்கி ஆகியவற்றில் தொந்தரவு கூடுதல். 30 விநாடியில் ரெய்டு முடிந்துவிடும் கபடியிலும், நின்று நின்று ஆடும் வாலிபாலிலும் குறைவு. நீச்சலில் சுவாசிக்கும் காற்று ஈரமானது என்பதால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் குளோரின் நெடி தூக்கலாக உள்ள குளத்தில் அந்த லாபம் போய்விடும். மார்கழி அதிகாலைப் பனியும் போகிப் புகையும் யாரையும் விட்டுவைப்பதில்லை.

"எது ஸ்ட்ராங்கான மருந்து?" என்றுதான் பெற்றோர் முதலில் கேட்கிறார்கள். இந்த அத்தியாயத்தில் வரும் மருந்துகளைப் பலத்தை வைத்து வரிசைப்படுத்தப் போவதில்லை. பிள்ளை வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறது, ஒரு நாளில் எத்தனை வேளை ஓடுகிறது என்ற டைம்டேபிளை வைத்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாரம் இரண்டு பி.டி. பீரியட் மட்டும் உள்ள பிள்ளைக்குப் பொருந்தும் மருந்து, காலையும் மாலையும் கிரவுண்டில் நிற்கும் பிள்ளைக்குப் பொருந்தாது. மருந்து ஒன்றாகவே இருந்தாலும் அது வேலை செய்யும் விதம் மாறிவிடும்.

முதலில், இது அதுதானா?

மருந்துக்கடைக்குப் போவதற்கு முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். அறிகுறியை மட்டும் நம்பினால் ஏமாற்றும். மருத்துவமனையில் ஸ்பைரோமெட்ரி பார்ப்பார்கள். ஓட வைத்து, முதல் ஒரு விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைகிறதா என்று அளப்பார்கள். அந்த வசதி பக்கத்தில் இல்லையென்றால் பீக் ஃப்ளோ மீட்டர் போதும். கையடக்கமான, பேட்டரி தேவைப்படாத பிளாஸ்டிக் குழாய். ஓடுவதற்கு முன் மூன்று முறை ஊதச் சொல்லி, அதில் அதிகமானதைக் குறித்துக்கொள்ளுங்கள். 6 நிமிடம் நன்றாக ஓட விடுங்கள். நின்றதும் 5, 10, 15 நிமிடங்களில் மறுபடி ஊதச் சொல்லுங்கள். முதலில் 400 இருந்து பிறகு 320 ஆகியிருந்தால் 20 சதவீதச் சரிவு. 15 சதவீதத்துக்கு மேல் சரிந்தாலே அந்தத் தாளை மருத்துவரிடம் எடுத்துப்போகலாம். ஏற்கெனவே பெரிய இழைப்பு வந்த பிள்ளையிடம் இந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

இந்த வயதில், குறிப்பாகப் போட்டிகளில் ஆடும் பெண் பிள்ளைகளிடம், இன்னொரு கோளாறு ஆஸ்துமா வேஷத்தில் வரும். உச்சகட்டமாக ஓடும்போது குரல்வளை குறுகிக்கொள்வது அது. ஓட்டத்தின் நடுவிலேயே வரும். மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் கேட்கும். கை நெஞ்சுக்குப் போகாமல் தொண்டைக்குப் போகும். நின்ற சில நிமிடங்களில் சரியாகிவிடும். இதற்கு எந்த பம்பும் (இன்ஹேலரும்) பலன் தராது. மூச்சுப் பயிற்சிதான் வழி. இது தெரியாமல் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால், கை நடுங்கும் பிள்ளைதான் மிஞ்சும்.

சால்பியூட்டமால்

1969இல் சந்தைக்கு வந்த இந்த மருந்துதான் இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது. அஸ்தாலின் என்ற பெயரில் நம் வீடுகளில் பழக்கமானது. ஒரு பஃபில் 100 மைக்ரோகிராம். ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு 2 பஃப் எடுத்தால், சில நிமிடங்களிலேயே வேலையைத் தொடங்கி 2 முதல் 4 மணி நேரம் வரை காக்கும். வந்துவிட்ட இழைப்பையும் அடக்கும். சிலருக்கு விரல் லேசாக நடுங்கும், நெஞ்சு படபடக்கும். எப்போதாவது எடுப்பவருக்கு இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்வது கடினம்.

அதையே தினமும் எடுத்தால் கதை மாறுகிறது. இந்த வகை மருந்துகள் மூச்சுக்குழல் தசையில் உள்ள பீட்டா-2 ஏற்பிகளில் போய் உட்கார்ந்து தசையைத் தளர்த்துகின்றன. ஓயாமல் தட்டினால் அந்த ஏற்பிகளின் எண்ணிக்கை குறைந்து, பதில் சொல்வதும் மந்தமாகிவிடும். நாளுக்கு நான்கு வேளை வீதம் ஒரே ஒரு வாரம் எடுத்தவர்களிடமே, உடற்பயிற்சிக்குப் பின் வரும் சுருக்கம் முன்பைவிட மோசமானது ஆய்வில் தெரிந்திருக்கிறது. கொடுமை என்னவென்றால், மருந்து மழுங்குவது சாதாரண நேரத்தில் தெரியாது. பம்ப் அடித்ததும் நெஞ்சு லேசாவது போலத்தான் இருக்கும். கடுமையாக ஓடிய பிறகுதான் காலை வாரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 5.30க்கு ஒரு பயிற்சி, மாலை 4.30க்கு ஒரு பயிற்சி. ஒவ்வொன்றுக்கும் முன் 2 பஃப், வாரம் ஆறு நாள். வாரத்துக்கு 24 பஃப் ஆகிறது. 200 பஃப் கொண்ட ஒரு பம்ப் எட்டு வாரத்தில் தீரும். வருஷத்துக்கு ஆறு பம்ப். உலகெங்கும் ஆஸ்துமா மருத்துவர்கள் பின்பற்றும் ஜினா வழிகாட்டி, ஆண்டுக்கு மூன்று பம்பைத் தொட்டாலே கடும் இழைப்புக்கான ஆபத்து கூடுகிறது என்கிறது. பன்னிரண்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. "ஓடுவதற்கு முன்னால் எடுத்ததுதானே" என்று அந்த பஃப்களைக் கணக்கிலிருந்து கழித்துவிட முடியாது. மூச்சுக்குழலுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. பெற்றோர் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று: புது பம்ப் வாங்கிய தேதியை அட்டைப்பெட்டியில் பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது காலிப் பெட்டிகளையும் கொண்டு போங்கள்.

லெவோசால்பியூட்டமால் இதே மருந்தின் ஒரு பாதி. சால்பியூட்டமாலில் கண்ணாடிப் பிம்பம் போல இரண்டு வடிவ மூலக்கூறுகள் கலந்திருக்கின்றன. அவற்றில் வேலை செய்யும் வடிவத்தை மட்டும் பிரித்து எடுத்தது இது. அதனால்தான் 50 மைக்ரோகிராம் போதும். படபடப்பு குறைவு என்று சொல்லி விற்கிறார்கள். ஆய்வுகளில் அந்த மேன்மை உறுதியாகத் தென்படவில்லை. மருத்துவர் இதை எழுதினால் தாராளமாக எடுக்கலாம். சால்பியூட்டமாலே ஒத்துக்கொள்ளும் பிள்ளைக்குக் கூடுதல் விலை கொடுத்து மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மாத்திரைக்கும் சிரப்புக்கும் இந்த வேலையில் இடமில்லை. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 2 மில்லிகிராம் என்றால் அது 20 பஃப் அளவு மருந்து. குடலில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி நுரையீரலுக்கு வந்து சேர அரை மணி நேரமாவது பிடிக்கும். அதற்குள் கையும் நெஞ்சும் ஆட்டம் கண்டுவிடும். "பம்ப் பழகிவிடும், மாத்திரைதான் சாஃப்ட்" என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. உண்மை நேர்தலைகீழ்.

நீண்ட நேரம் காப்பவை

காலையில் ஒரு முறை எடுத்தால் நாள் முழுக்கக் கவலையில்லை என்ற ஆசையில் வந்தவை சால்மெட்டிராலும் ஃபார்மோடிராலும். இரண்டுமே 12 மணி நேரம் வரை நீடிக்கக்கூடியவை. வித்தியாசம் தொடக்கத்தில் இருக்கிறது. சால்மெட்டிரால் மெதுவாகக் கிளம்பும். ஓடுவதற்கு அரை மணி நேரம் முன்பாவது எடுத்தாக வேண்டும். வந்துவிட்ட இழைப்புக்கு அதை நம்பக் கூடாது. ஃபார்மோடிரால் சால்பியூட்டமாலைப் போலவே சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும்.

முதல் நாள் இரண்டும் சொன்னபடி காக்கும். தினமும் எடுக்கத் தொடங்கினால் காக்கும் நேரம் சுருங்குகிறது. சால்மெட்டிராலை ஒரு மாதம் தொடர்ந்து எடுத்தவர்களைப் பற்றி 1998இல் வெளியான ஆய்வில், மருந்து எடுத்த அரை மணி நேரத்தில் பாதுகாப்பு இருந்தது. 9 மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, முதல் நாள் இருந்த பாதுகாப்பு போயிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வளரிளம் பருவத்தினரை மட்டும் வைத்து வெளியான ஆய்வும் இதையே காட்டியது. அந்தப் பிள்ளைகள் கூடவே ஸ்டீராய்டு இன்ஹேலரும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். காலையில் எடுத்த மருந்து மாலைப் பயிற்சிக்குக் கைகொடுக்காது என்பதுதான் இதற்கு அர்த்தம். அது நாளெல்லாம் காக்க வேண்டும் என்பதற்காகத்தானே எடுத்தோம்.

இவற்றைத் தனியாக, ஸ்டீராய்டு இன்ஹேலர் இல்லாமல் எடுக்கவே கூடாது. அமெரிக்காவில் சால்மெட்டிராலை வைத்து நடந்த பெரிய சோதனையை 2003இல் பாதியில் நிறுத்தினார்கள். மருந்து எடுத்த தரப்பில் ஆஸ்துமா மரணங்கள் கூடுதலாக இருந்ததே காரணம். தசையைத் தளர்த்தி வைத்தால் பிள்ளைக்கு நன்றாக இருப்பது போலத் தோன்றும். உள்ளே அழற்சி அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும்.

கலவை இன்ஹேலர்

தினமும் ஓடும் பிள்ளைக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. ஸ்டீராய்டு இன்ஹேலர் குழலை விரிக்காது. குழல் சுருங்குவதற்குக் காரணமான அழற்சியை அடக்குகிறது. அந்த வகையைச் சேர்ந்த பியூடசோனைடைத் தினமும் எடுத்தால் சில வாரங்களில், ஓடிய பிறகு வரும் சுருக்கமே குறைந்துவிடும். அவசரத்துக்கு சால்பியூட்டமால் கூட இருக்கலாம்.

இன்னொரு வழி, பியூடசோனைடும் ஃபார்மோடிராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரை ஓடுவதற்கு முன்பும், இழைப்பு வரும்போதும் மட்டும் எடுப்பது. ஃபோராகார்ட் என்ற பெயரில் இங்கே பரவலாகக் கிடைப்பது இந்தக் கலவைதான். 2014இல் வெளியான ஒரு ஆய்வு லேசான ஆஸ்துமா உள்ளவர்களை மூன்று பிரிவாக்கி ஆறு வாரம் கவனித்தது. ஓடும்முன் சால்பியூட்டமால் வகையைச் சேர்ந்த டெர்பியூட்டலின் மட்டும் எடுத்தவர்களிடம் முன்னேற்றமில்லை. தினமும் பியூடசோனைடு எடுத்தவர்களுக்கும், தேவைக்கு மட்டும் இந்தக் கலவையை எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு பலன். கலவை எடுத்தவர்களின் உடம்பில் சேர்ந்த ஸ்டீராய்டோ குறைவு. 12 வயதுக்கு மேல் யாருக்கும் சால்பியூட்டமாலை மட்டுமே ஆஸ்துமா சிகிச்சையாக நம்ப வேண்டாம் என்று 2019இல் ஜினா மாற்றிச் சொன்னதற்குப் பின்னால் இப்படிப்பட்ட சான்றுகள் உள்ளன. மருந்தை எடுக்கவும் மறக்கவும் சரிசமமாகத் தெரிந்த பதினைந்து வயதுக்காரர்களுக்கு "ஓடுவதற்கு முன் எடு" என்பது நினைவில் நிற்கும். "தினமும் இரவு எடு" என்பது நிற்காது. அதனால் எனக்கு இந்த வழிதான் பிடித்தமானது. எத்தனை பஃப், ஒரு நாளில் எவ்வளவு வரை என்பதை மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

ஸ்டீராய்டு என்றதும் வயிற்றில் புளி கரையும் பெற்றோருக்கு: குழந்தைப் பருவத்திலிருந்து நான்கைந்து ஆண்டு தினமும் பியூடசோனைடு எடுத்தவர்களை வளர்ந்த பிறகு அளந்தபோது, உயரத்தில் குறைந்தது சராசரியாக ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான். எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வரும் சாத்தியம் குறையும்.

மற்றவை

இப்ராட்ரோபியம் வேறு வழியில் குழலை விரிக்கிறது. மெதுவாகவே பிடிக்கும், ஒருவருக்குக் கேட்கும், இன்னொருவருக்குக் கேட்காது. பீட்டா-2 மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாற்றாக மருத்துவர் யோசிக்கலாம். டெரிபிளின் என்று கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையில் இருப்பது தியோஃபிலின் வகை. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே தூரம் குறைவு. சிப்ரோஃப்ளாக்ஸாசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளோடு சேர்ந்தால் ரத்தத்தில் ஏறி வாந்தி, வலிப்பு வரை கொண்டு விடும். ஓடும் பிள்ளைக்கு இதைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மாண்டிலூகாஸ்ட் குழல் விரிப்பானே அல்ல. ஆனாலும் இந்தப் பேச்சில் அதை விட்டுவிட முடியாது. லூக்கோட்ரையீனைத் தடுக்கும் மாத்திரை. ஓடுவதற்கு 2 மணி நேரம் முன்பு எடுத்தால் ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் காக்கும். தினமும் எடுத்தாலும் மழுங்காது. சால்பியூட்டமால் அளவுக்குக் காக்காது என்பது குறை. இன்னொரு குறை பெரியது. கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவை பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை இந்த மருந்தின்மேல் ஒட்டியது. பதின்வயதுப் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வயசுக்கோளாறு என்று விட்டுவிடுகிறோம். இந்த மாத்திரை எடுக்கும் பிள்ளையிடம் அப்படி விடக் கூடாது. சளிக்கும் தும்மலுக்கும் இங்கே லெவோசெட்ரிசினோடு கலந்து எழுதுகிறார்களே, அந்தச் சீட்டிலும் இதே மருந்து இருக்கலாம். பெயரைப் படித்துப் பாருங்கள்.

பம்ப் பிடிக்கும் விதம்

மருந்து தோற்றதாகச் சொல்லப்படும் பல நேரங்களில் தோற்பது கை. கிரவுண்டு ஓரத்தில் ஒரு பையன் பம்ப் எடுப்பதைக் கவனியுங்கள். யாரும் பார்ப்பதற்குள் சட்டென்று வாயில் வைத்து, குலுக்காமல், அடுத்தடுத்து இரண்டு அமுக்கு. உதட்டோரத்திலும் மூக்கிலும் வெள்ளைப் புகை வெளியே வருகிறது. அது நுரையீரலுக்குப் போக வேண்டிய மருந்து.

குலுக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போது ஒரு அமுக்கு. ஆழமாக இழுத்து 10 விநாடி அடக்க வேண்டும். அரை நிமிடம் கழித்து அடுத்தது. பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் ஸ்பேசர் இருந்தால் பாதித் தவறு தானாகவே சரியாகும். பல நாள் எடுக்காத பம்பை முதலில் காற்றில் ஓரிரு முறை அடித்துப் பார்த்துவிடுங்கள். கேப்சூல் போட்டு உறிஞ்சும் ரோட்டாஹேலருக்கு விதி நேர்மாறு. அதில் வேகமாகவும் பலமாகவும் உறிஞ்ச வேண்டும். கேப்சூல் நமத்துப் போகாமல் வைக்க வேண்டும்.

மருந்தோடு வார்ம்-அப்பும் வேண்டும். அரை நிமிட வேக ஓட்டம், சற்று ஓய்வு, மறுபடி ஓட்டம் என்று ஏழெட்டு முறை செய்தால், பாதிப் பேருக்கு அடுத்த ஓரிரு மணி நேரம் மூச்சுக்குழல் எளிதில் சுருங்காது. பி.டி. ஆசிரியர் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 16 வயது ரிக் டிமான்ட் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தங்கம் வென்றார். அவர் எடுத்துக்கொண்டிருந்த ஆஸ்துமா மாத்திரையில் எஃபிட்ரின் இருந்ததால் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்த மாத்திரை எடுப்பதை அவர் முன்கூட்டியே படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் நாட்டு அதிகாரிகள்தான் தடைப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

இன்றைய ஊக்கமருந்துத் தடை விதி தளர்வானது. இன்ஹேலர் வழியாக சால்பியூட்டமால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, எந்த 8 மணி நேரத்திலும் 600க்கு மேற்படாமல் எடுக்கலாம். அதாவது எட்டு மணி நேரத்துக்கு 6 பஃப். ஃபார்மோடிராலுக்கும் சால்மெட்டிராலுக்கும் இதுபோல் வரம்பு உண்டு. டெர்பியூட்டலின் எந்த வடிவிலும் தடை. சால்பியூட்டமால் மாத்திரைக்கும் சிரப்புக்கும் தடை. நம் மருந்துக்கடைகளில் இருமலுக்குத் தரும் சிரப்புகள் பலவற்றில் டெர்பியூட்டலினோ சால்பியூட்டமாலோ இருக்கிறது. குறுவட்டப் போட்டியில் யாரும் சோதிக்கப் போவதில்லை. கேலோ இந்தியா வரை போகும் பிள்ளை ஊக்கமருந்துச் சோதனைக்கு மாதிரி கொடுக்க வேண்டி வரலாம். பட்டியல் ஒவ்வொரு ஜனவரியிலும் புதுப்பிக்கப்படுகிறது. பயிற்சியாளர் அந்த ஆண்டுப் பட்டியலைப் பார்க்க வேண்டும். தடையுள்ள மருந்துதான் தேவை என்றால் போட்டிக்கு முன்பே சிகிச்சை விலக்கு அனுமதி வாங்க வேண்டும்.

கிரவுண்டில் இழைப்பு வந்தால்

நிறுத்தி, உட்கார வையுங்கள். படுக்க வைக்க வேண்டாம். ஸ்பேசரில் சால்பியூட்டமால் ஒரு பஃப், நான்கு முறை மூச்சிழுக்கச் சொல்லுங்கள். இப்படியே நான்கு பஃப். நான்கு நிமிடம் பாருங்கள். குறையவில்லையென்றால் மறுபடி நான்கு. அதற்கும் அடங்காவிட்டால் 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை அதையே தொடருங்கள். முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் காத்திருக்காமல் முதலிலேயே அழையுங்கள். பிள்ளையின் பம்ப் வகுப்பறைப் பையில் இருந்து பயனில்லை, பி.டி. ஆசிரியரின் விசில் தொங்கும் அதே பையில் ஒரு பம்பும் ஸ்பேசரும் இருக்கட்டும். இழைப்பு அடங்கிவிட்டாலும் அன்றைக்கு மறுபடி ஆட இறக்க வேண்டாம்.